காட்டுக்காரனுக்கு அண்ணன்

கருக்கம்பாளையம் டிக்கெட்டா? உக்காருங்க. அந்தச் சன்னலோரம் வேண்டாமுங்க, மூஞ்சியில அனல் அடிக்கும். இப்படி வாங்க. காங்கயத்துல எடுத்தான்னா ஒண்ணேகால் மணி நேரம் உருட்டுவான் இந்த டிரைவரு. வழியில இருக்கற கோயிலெல்லாம் நிறுத்திக் கும்புட்டுட்டுத்தான் போவான்.

கருக்கம்பாளையத்துல யாரு வூட்டுக்குங்க? சென்னியப்பன் வூட்டுக்கா?

ஓ. புள்ள விசயமா விசாரிக்க. மாப்ளைக்கு நீங்க தாய்மாமனா. பெருந்துறைப் பக்கம். சரிதானுங்க, பொண்ணு எடுக்கறதுன்னா நாலு பக்கம் விசாரிக்கத்தான் வேணும். விசாரிக்க நல்ல ஆளுகிட்டத்தான் வந்து உக்காந்திருக்கீங்க. அவனப் பத்தி என்னையவிட ஒருத்தரும் சொல்ல முடியாது. நான் அவனுக்கு அண்ணனுங்க. கூடப் பொறந்த அண்ணன். நல்லசிவம்னு பேரு.

எந்திரிக்காதீங்க, எந்திரிக்காதீங்க. எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை இல்லீங்க. ஒரு வருசமாச்சு, ஆனி வந்தா. அதுனால ஒளிவுமறைவு இல்லாமச் சொல்லுவேன். பேசிக்கிட்டிருக்கற அண்ணனா இருந்தா தம்பியத் தூக்கி வெச்சுத்தானுங்க பேசுவான்? நான் உள்ளதச் சொல்லுவேன்.

மொதல்ல ஒண்ணக் கேட்டுக்குங்க. அவன் தோட்டத்துக்காரன் இல்லை. காட்டுக்காரன். தரகன் உங்ககிட்ட என்னன்னு சொன்னான், அஞ்சு ஏக்கரா தோட்டம்னா? பொய்யுங்க. உங்க பக்கம் வாய்க்கால் பாசனம், மடையத் தொறந்தாத் தண்ணி, உங்களுக்கு இந்த வித்தியாசம் புரியாது. இங்க கெணறு இருந்து, மோட்டாரு இருந்து, தண்ணி கட்டறவந்தான் தோட்டத்துக்காரன். வானத்த அண்ணாந்து பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறவன் காட்டுக்காரன். தோட்டத்துக்காரனுக்குப் பொண்ணு குடுப்பாங்க. காட்டுக்காரனுக்கு யோசிப்பாங்க. அவ்வளவுதான் கணக்கு.

எங்கப்பன் போயி இருவத்தஞ்சு வருசமாச்சு. பத்து ஏக்கரா, ஆளுக்கு அஞ்சு. கெணறு ஒண்ணு, பொது. அஞ்சு குதிரை மோட்டாரு. கரண்டு சர்வீஸு எங்கப்பன் பேருல. தோட்டத்துக் கரண்டுக்குத்தான் பில்லு கெடையாதே, இலவசம். ஒரு நாள் என்ற முறை, மறுநாள் அவன்ற முறை. நான் தென்னை வெச்சேன், இருநூத்து முப்பது மரம். அவன் சின்ன வெங்காயம், மக்காச்சோளம்னு சில்லறை வெள்ளாமை. பதினஞ்சு வருசம் ஒரு சத்தமில்லாம ஓடுச்சுங்க.

அப்பறம் மழை ஏமாத்திருச்சு. ஒரு வருசம்னாப் பொறுத்துக்கலாம். வரிசையா மூணு வருசம். கெணத்துல அடிப்பாறை தெரிஞ்சுது. மோட்டாரப் போட்டா முக்கா மணி நேரம், அப்பறம் காத்துதான் வரும். இருநூத்து முப்பது தென்னைய வெச்சுக்கிட்டு முக்கா மணி நேரத் தண்ணியில என்ன பண்றது? நான் யோசிக்கலீங்க. திருச்செங்கோட்டுல இருந்து வண்டி வரச் சொல்லி அறுநூறு அடி போர் போட்டேன். என்ற பூமியிலதானுங்க. கெணத்துல இருந்து அம்பது தப்படி தள்ளி.

தண்ணி வந்துது பாருங்க, ரெண்டரை இஞ்சு! ஊரே வந்து பாத்துது. சென்னியப்பனும் வந்தான். பாத்துக்கிட்டே நின்னவன், "அண்ணா, கெணத்துல இருக்கறதும் இதுல போயிருமேண்ணா"ன்னான். பொறாமையப் பாருங்க. பூமிக்கு அடியில எந்தத் தண்ணி எங்க போகுதுன்னு இவன் எறங்கிப் பாத்துட்டு வந்தானா? "போடா, போயி வெங்காயத்துக்குக் களை வெட்டு"ன்னேன். ஆறு மாசத்துல கெணறு சுத்தமா வத்திருச்சு. அது மழை இல்லாததுனால. நான் அப்பவும் சொன்னேன், இப்பவும் சொல்றேன்.

என்னங்க, தண்ணி வேணுமா? பாட்டல் இருக்குதா, சரி சரி.

போருக்குக் கரண்டு இல்லீங்க. புது சர்வீஸுக்கு எழுதிக் குடுத்தா வரிசையில நிக்கோணும். எனக்கு முன்னால எழுதிக் குடுத்தவனோட மகனே இப்ப நரைச்சுப்போயி நிக்கறான். சீக்கிரம் வேணும்னா லட்சக்கணக்குல கட்டோணும். அதுனால ஜெனரேட்டரு வாங்கி டீசல்ல ஓட்டுனேன். ஆரம்பிக்கறப்ப டீசலு அறுபது சொச்சம். நான் ஓட்ட ஓட்ட அவனும் ஏத்தறான். எழுவது, எம்பது, தொண்ணூறு. ஒரு தேங்காய்க்கு எனக்குப் பதினெட்டு ரூபா அடங்குது, ஏவாரி வந்து பத்து ரூபாய்க்குக் கேக்கறான். என்ற வூட்டுக்காரி துளசிமணி ஒரு நாள் சோறு போட்டுக்கிட்டே சொல்றா: "டீசலையே நேரா மரத்துக்கு ஊத்தீரலாமுங்க. மோட்டாருத் தேய்மானமாச்சும் மிச்சமாகும்." பொம்பளைக்கு நக்கலு.

அப்பத்தான் எனக்கு ஒரு யோசனை. வத்திப்போன கெணத்து மேல ஒரு இலவச சர்வீஸு சும்மா தூங்குது. அத என்ற போருக்கு மாத்திக்கிட்டா? சட்டத்துல எடம் இருக்குது. பங்குதாரன் சம்மதக் கையெழுத்துப் போடோணும், அவ்வளவுதான். சண்டை வரும்னு தயாராத்தான் போனேன். ஊருல பெரிய மனுசங்க ரெண்டு பேரக் கூட்டிக்கிட்டேன். வக்கீல் ஒருத்தரையும் கேட்டு வெச்சுக்கிட்டேன். ரெண்டு நாளா என்ன கேப்பான், நான் என்ன சொல்றதுன்னு மனசுக்குள்ளயே பேசிப் பாத்துக்கிட்டுப் போறேன். அவன் கட்டுத்தரையில சாணி அள்ளிக்கிட்டு இருந்தான். கையக் கழுவிட்டு வந்து, "எங்கண்ணா போடோணும்?"னு கேட்டுக் கையெழுத்துப் போட்டுட்டான்.

அவ்வளவுதானுங்க.

"ரெண்டு பேரும் இழுத்தா ரெண்டு பேருத்துக்கும் இல்லீண்ணா. நீயே வெச்சுக்க"ன்னான். அவன் பொண்டாட்டி கண்ணாத்தா எங்க மூணு பேருத்துக்கும் காப்பி வெச்சுக் கொண்டாந்து குடுத்தா. இப்படி ஒரு அவமானம் உண்டாங்க? ஒரு சண்டை போட்டிருந்தான்னா எனக்கு மனசு ஆறியிருக்கும். ரோசம் இருக்கறவன் சண்டை போடுவான். பாதிச் சொத்தத் தூக்கிக் குடுத்துட்டுக் காப்பியும் குடுக்கறவன என்னன்னு சொல்றது? திரும்பி வாரப்பக் கூட வந்த பெரிய மனுசரு, "நல்லசிவம், உன்ற தம்பி இருக்கானே..."ன்னு ஆரம்பிச்சாரு. நான் பேச்ச மாத்திட்டேன்.

அப்பறம் என்ன பண்ணான்னு கேளுங்க. வெங்காயம் வெளைஞ்ச பூமி, அஞ்சு ஏக்கரா, அத உழுது கொழுக்கட்டைப் புல்லு வெதைச்சுட்டான்! சுத்திலும் கிளுவை வேலி. உள்ள இருவது செம்மறியாடு, ரெண்டு எருமை, ஒரு காங்கயத்துக் கெடேரி. மழை ஒண்ணு பேஞ்சாப் போதும், புல்லு நாலஞ்சு மாசம் நிக்கும். காஞ்சாலும் ஆடு கடிக்கும். இவன் வேலாமரத்து நெழல்ல உக்காந்துக்கிட்டு வேலியப் பாத்துக்கிட்டிருப்பான். இதுக்குப் பேரு பண்ணையமாங்க? எங்கப்பன் பாறைக்கு வெடி வெச்சுக் கெணறு தோண்டி, காடா இருந்ததத் தோட்டமாக்கி, தோட்டத்துக்காரன்னு பேரெடுத்து எங்க ரெண்டு பேருத்துக்கும் பொண்ணு எடுத்தாரு. இவன் அதத் திரும்பக் காடாக்கிட்டான்.

மாரியம்மன் பொங்கலப்ப நாலு பேரு முன்னாலயே கேட்டேன். "ஏன்டா, மோட்டாரு சத்தம் இல்லாம உனக்குத் தூக்கம் வருதா?"

"நல்லா வருதுண்ணா"ங்கறான்.

எல்லாருஞ் சிரிச்சாங்க. அவனப் பாத்துத்தான் சிரிச்சிருப்பாங்க.

எனக்கு இலவசக் கரண்டு வந்துருச்சா, அப்பறம் கேக்கோணுமா? ஆட்டோ ஸ்டார்ட்டரு மாட்டுனேன். கரண்டு எப்ப வருதோ அப்பத் தானா மோட்டாரு ஓடும். நிறுத்தறதே இல்லை. எதுக்கு நிறுத்தோணும்? பில்லா வருது? தென்னைக்குப் பாத்தி நெறைஞ்சு வரப்பு மேல வழியும். பாக்கறவன் கண்ணுக்கு எப்படி இருக்கும்! பஸ்ஸுல போறவன் எட்டிப் பாப்பான். தோட்டம்னா அதுதானுங்க தோட்டம்.

ரெண்டே வருசத்துல அறுநூறு அடியும் வத்திருச்சு. நான் அசரலை. தொள்ளாயிரம் அடியில இன்னொண்ணு போட்டேன். புழுதி மட்டுந்தான் வந்துது. வூடு, துணிமணி, சோத்துச் சட்டி எல்லாத்துலயும் வெள்ளைப் புழுதி. அடுத்தது ஆயிரத்து எரநூறு. முக்கா இஞ்சு வந்துது. வந்துதா இல்லையா? ஆனா அத்தனை ஆழத்துல இருந்து தூக்கறதுக்குப் பெரிய மோட்டாரு வேணும். பெரிய மோட்டாரப் போட்டா வோல்டேஜு எறங்கிருது, காயில் கருகிருது. ஆயிரத்து எரநூறு அடிக் கொழாய மேல எடுக்கறதுக்கு ஒரு வண்டி, நாலு ஆளு, ஒரு நாள் பூரா. காயில் கட்டி மறுபடி எறக்கறதுக்கு இன்னொரு நாள். ஒரே வருசத்துல மூணு தடவை. கரண்டு இலவசம்னு குடுத்தவன் தண்ணியவும் சேத்துக் குடுத்திருக்கோணும். அரைகுறையாக் குடுத்தது கவருமெண்டோட தப்புங்க.

இதுக்கு நடுவால கட்டுத்தரையில ரெண்டு பால் மாடு. அதுகளுக்குத் துளசிமணி எங்கியோ போயி தெனமும் ஒரு கட்டுப் புல்லு அறுத்துக்கிட்டு வருவா. எங்கன்னு நான் கேக்கறதில்லை. பொம்பளைங்க காரியத்துல நான் தலையிடறதில்லீங்க. கொழுக்கட்டைப் புல்லு எங்க வேணும்னாலும் மொளைக்கும்.

போன வருசம் சித்திரையில வெயிலு எப்படின்னு உங்களுக்கே தெரியும். மரமெல்லாம் கொண்டை சாஞ்சுது. லாரித் தண்ணி வாங்கி ஊத்துனேன். எரநூத்து முப்பது மரத்துக்கு ஒரு லாரித் தண்ணின்னா, மரத்துக்கு எத்தனை கொடம் வரும்? காலையில ஊத்துனா மத்தியானம் மண்ணு வெடிச்சுக் கெடக்கும். ஆனா நான் ஒரு மரத்தையும் உடலீங்க. ஊத்துனா எல்லாத்துக்கும் ஊத்தோணும். அதுதான் நியாயம்.

மூணு பேஸு கரண்டு ஒரு நாளைக்குக் கொஞ்ச நேரந்தான் வருது, மிச்ச நேரம் ரெண்டு பேஸு. ரெண்டு பேஸுல மோட்டாரு ஓடாது. ஆனா கண்டென்சரு ஒண்ணு குறுக்க மாட்டுனா ஓடும். லைன்மேன் பாத்துட்டு, "வேண்டாமுங்க, உசுரு போயிரும்"னு சொல்லிட்டுப் போனான். அவனுக்கென்ன, அவன்ற தென்னையா காயுது? ஒரு நாள் காலையில பத்து மணி இருக்கும். பெட்டியத் தொறந்து நானே வேலை பாத்துக்கிட்டு இருந்தேன். கை ஒட்டிக்கிச்சுங்க. வாய் தொறக்குது, சத்தம் வர்லை. கண்ணு முன்னால எல்லாம் மஞ்சளா இருக்குது.

அப்ப வந்தா பாருங்க, நீங்க விசாரிக்க வந்திருக்கீங்களே, அந்தப் புள்ள, கோகிலவாணி. ஆட்டுக்குத் தழை ஒடிக்கறதுக்கு எங்க பக்கம் வந்திருக்கறா. கையில வேப்பங்கம்பு. வந்த வேகத்துல என்ற கையிலயே போட்டா ஒரு போடு. பெரியப்பன்னு பாக்கலை. ரெண்டாவது போடுல நான் அக்கட்டால போயி உழுந்தேன். மூச்சடைச்சுப்போயிக் கெடக்கறேன், நெஞ்சுல ஏறி உக்காந்து குத்தறா. அப்பறம் அவ ஸ்கூட்டியில, ஓடியாந்த துளசிமணிக்கு முன்னால என்னைய உக்கார வெச்சு, மூணு பேருமா தாராபுரம் ஆஸ்பத்திரி. போற வழியெல்லாம், "பெரிப்பா, தூங்கிறாதீங்க, உங்க மரம் எத்தனை, எண்ணுங்க"ங்கறா. நான் எண்ணிக்கிட்டே போனேன். எரநூத்து முப்பதையும் எண்ணுனேன்.

இந்தா பாருங்க கை. இந்த ரெண்டு வெரலும் மடங்காது.

ஆஸ்பத்திரியில இருவது நாளு. அப்பறம் என்ற மகன் பூபதி திருப்பூருல பனியன் கம்பெனியில இருக்கறான், அவன் வூட்டுக்குக் கொண்டு போயிட்டான். ரெண்டு மாசம் அங்கியே இருந்தேன். தோட்டத்த யாரு பாக்கறதுன்னு கேட்டா, "சித்தப்பா பாத்துக்கறாருப்பா"ங்கறான். எனக்கு அப்பவே சந்தேகம்.

ஆனி மாசம் திரும்பி வந்தேன். பஸ்ஸ உட்டு எறங்கறப்பவே தெரிஞ்சு போச்சு. என்ன பண்ணியிருக்கான்னு நெனைக்கறீங்க? எரநூத்து முப்பதுல கெணத்து மேட்டுப் பக்கம் நாப்பது மரத்துக்கு மட்டும் தண்ணி உட்டிருக்கான். சுத்திலும் குழி எடுத்துத் தேங்காமட்டையக் கவுத்துப் போட்டு, அது மேல தழையப் போட்டு, மூணு பேஸு கரண்டு வாரப்ப மட்டும் மோட்டாரப் போட்டிருக்கான். கண்டென்சரக் கழட்டி எங்கியோ வீசிட்டான். மிச்ச மரம் மொட்டையா நிக்குது. வரிசை வரிசையா. தலையில்லாம. பூபதி பொறந்த வருசம் அவன் பேரச் சொல்லி ஒரு மரம் வெச்சேன். அதுவும் போச்சுங்க.

நேரா அவன் வேலிக்குப் போனேன். வெளிய நின்னே கத்துனேன். "எந்த நாப்பதுன்னு முடிவு பண்றதுக்கு நீ யாருடா?"

எந்திரிச்சு வந்தான். "அண்ணா, எல்லாத்துக்கும் ஊத்தியிருந்தா எல்லாமே போயிருக்கும்"ன்னான்.

"என்னையக் கேட்டியா?"

"கேட்டா நீ சொல்லியிருப்பியாண்ணா?"

பாருங்க திமிர. அன்னைக்குத் திரும்புனவந்தான். ஒரு வருசமா அவன் மூஞ்சிய நான் பாக்கலை. அந்த நாப்பது மரம் இன்னைக்குக் காய்க்குது, அது வேற. ஆயிரத்து எரநூறு அடி போர் போட்டது யாருங்க? நான். அந்தத் தண்ணியிலதான் அது நிக்குது. ஊருல என்னடான்னா சென்னியப்பன் காப்பாத்துன மரம்ங்கறான். போன மாசம் ஒரு ஏவாரி வந்து, "சென்னியப்பன் அண்ணன் தோப்பு இதுங்களா?"ங்கறான் என்னையப் பாத்து. காட்டுக்காரனுக்குத் தோப்பு! அவனுக்குக் காய் குடுக்கலை நானு.

கடனா? சென்னியப்பனுக்கா? அவனுக்கு ஒரு பைசா கெடையாதுங்க. எங்க இருந்து வரும் கடன்? டீசலு வாங்குனானா, மோட்டாரு வாங்குனானா, போர் போட்டானா? ஒண்ணும் பண்ணாதவனுக்கு எப்படிங்க கடன் வரும்? வருசத்துக்கு ஒருக்கா ஆடு விக்கறான், தெனமும் பால் ஊத்தறான், உக்காந்து திங்கறான். கடன் வாங்கறதுக்கும் ஒரு தைரியம் வேணுமுங்க. என்னையக் கேட்டா நாளைக்கே இன்னொரு போர் போடுவேன், ஆயிரத்து ஐநூறு அடி. துளசிமணிதான் பத்தரத்த எடுத்து எங்கியோ ஒளிச்சு வெச்சிருக்கறா.

என்னங்க சிரிக்கறீங்க?

புள்ளையா? புள்ளையப் பத்தி இன்னும் என்ன சொல்லோணும்?

அதுக்கு வாய்த்துடுக்கு அதிகமுங்க. மொதல்லயே சொல்லிப்போடறேன், அப்பறம் நல்லசிவம் மறைச்சுட்டான்னு சொல்லப்படாது. என்ற கை ஆறாமக் கெடந்துது, புண்ணு. தெனமும் கட்டு மாத்தோணும். நான் அவங்கப்பன வேலிக்கு வெளிய நின்னு திட்டுனேன் பாருங்க, அதுக்கு மறுநாள் காலையில மருந்துப் பொட்டியத் தூக்கிக்கிட்டு வந்து நிக்கறா. நான், "எதுக்கு வந்தே?"ன்னேன். "எங்கப்பாவத் திட்டுன வாயோட எனக்குப் பேச்சில்லை. கைய மட்டும் நீட்டுங்க"ன்னா. நீட்டுனேன். அஞ்சு மாசம் வந்தா. ஒரு நாளும் நின்னதில்லை. ஒரு வார்த்தை பேசுனதில்லை. கட்டுவா, போவா. மழை பேஞ்ச அன்னைக்கும் வந்தா, முந்தானையில பஞ்சச் சுத்திக்கிட்டு.

கடைசி நாள் கட்டப் பிரிச்சுட்டு, "இனிக் கட்டு வேண்டாம்"னு சொல்லிட்டு எந்திரிச்சா. "ஏன் புள்ள, இனி வர மாட்டியா?"ன்னு கேட்டுட்டேன். வாய் தவறிக் கேட்டுட்டேனுங்க. திரும்பிப் பாத்து, "வாரது இருக்கட்டும் பெரிப்பா. நீங்க வரலாமல்ல?"ன்னுட்டுப் போயிட்டா.

அவ்வளவு வாய். உங்க வூட்டுல தாங்குவீங்களான்னு யோசிச்சுக்குங்க. எடுக்கறதும் உடறதும் உங்க இஷ்டம். ஆனா ஒண்ணு. காட்டுக்காரன் புள்ளைன்னு சொல்லி நகை அதிகம் கேக்கற ஆளா இருந்தா இந்தப் பஸ்ஸுலயே திரும்பிப் போயிருங்க. அந்தப் பேச்சு அங்க எடுக்கப்படாது. நான் உடமாட்டேன்.

இதாங்க, இந்தக் கிளுவை வேலிதான். கண்டக்டர், ஆளு எறக்கம்! பையப் பாத்து எடுங்க.

இல்லீங்க, என்ற எடம் அடுத்த ஸ்டாப்பு. பரவால்லை, எறங்கறேன். பொண்ணப் பாக்க ஒறம்பரை வாரப்பப் பெரியப்பன் இல்லைன்னா நல்லா இருக்குமா? அவன்கூட நான் பேச மாட்டேன், அதுல மாத்தமில்லை. நீங்க கேக்கறத அவனையே கேளுங்க, நான் பக்கத்துல உக்காந்திருக்கறேன். அவன் எதையாச்சும் கொறைச்சுச் சொன்னான்னா நான் திருத்திச் சொல்லுவேன். அவனுக்குத் தன்னப் பத்திச் சொல்லத் தெரியாதுங்க. பொழைக்கத் தெரியாத பையன்.

அய்யோ, படலத் தொறந்தே போட்டுறாதீங்க, ஆடு வெளிய போயிரும். நீங்க முன்னால நடங்க. நான் சாத்திட்டு வாரேன்.